சிப்பாயிடம் 'தூக்கம் வருதா?' என்று கேட்டவர்கள்

பீர்க்கன்கரணை ஏரியைத் தாண்டி ஜி.எஸ்.டி. சாலையில் பெருங்களத்தூர் பக்கம் போகிறவர்கள், தலைக்கு மேலே விமானச் சத்தம் கேட்டால் அண்ணாந்து பார்ப்பதில்லை. தாம்பரம் விமானப்படைத் தளத்தின் பயிற்சி விமானங்கள் இந்தப் பகுதிக்குப் பழகிப்போனவை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் உருவான தளம் அது. வடக்கே பரங்கிமலையில் ராணுவ அதிகாரிகளுக்கான பயிற்சி அகாடமி இருக்கிறது. சீருடையோடு வாழ்ந்து முடித்தவர்கள் சுற்றுவட்டாரத்தில் மனை வாங்கி, வீடு கட்டித் தங்கிவிடுவது இங்கே பல காலமாக நடக்கிறது.

சிப்பாயாகச் சேர்ந்தவர் பதினைந்து, பதினேழு வருடம் முடித்துவிட்டு நாற்பது வயதுக்குள் வீடு திரும்பிவிடுகிறார். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருக்கும் வயது. ஓய்வூதியம் போதாது. ஏ.டி.எம். வாசலிலோ அடுக்குமாடி வாசலிலோ செக்யூரிட்டி வேலைக்குப் போகிறார். கார்கில் பார்த்தவரா, காஷ்மீரில் ரோந்து போனவரா, யாழ்ப்பாணம் போய் வந்தவரா என்று அந்தக் கட்டடத்தில் குடியிருப்பவர்களுக்குத் தெரியாது. கேட்டதும் இல்லை.

உயிர் விட்டவர்களை நாம் மறப்பதில்லை. தாம்பரம் கிறித்தவக் கல்லூரியில் இதழியல் படித்த மேஜர் முகுந்த் வரதராஜன், 2014 ஏப்ரல் 25 அன்று காஷ்மீரின் ஷோபியானில் வீரமரணம் அடைந்தார். அசோக சக்ரா விருது பெற்ற அவருடைய கதையை 'அமரன்' படம் தமிழ்நாட்டின் வீடுதோறும் கொண்டு சேர்த்தது. தியேட்டரில் அழாதவர்கள் குறைவு. அது நியாயமான கண்ணீர். ஆனால் உயிரோடு திரும்பி வந்து, இரவில் திடுக்கிட்டு எழுந்து, மனைவியைத் தள்ளிவிட்டுக் கட்டிலுக்கு அடியில் பதுங்குகிறவரைப் பற்றி நாம் என்ன செய்திருக்கிறோம்? "மிலிட்டரிக்காரர் அப்படித்தான், கோபக்காரர்" என்று சொல்லிவிட்டு நகர்ந்திருக்கிறோம்.

அந்தக் கோபத்துக்குப் பின்னால் ஒரு காயம் இருக்கிறது என்று கண்டுசொன்ன மருத்துவர்கள் இருந்தார்கள். உலகம் இன்றும் பெயர் சொல்லும் ஒருவர், அந்த வேலைக்கு வருவதற்கு முன் நம் நீலகிரி மலையில் காலம் கழித்தவர். இன்னொருவர் யாழ்ப்பாணத்துத் தமிழர்.

நீலகிரியில் கற்ற பாடம்

டபிள்யூ.எச்.ஆர். ரிவர்ஸ் ஆங்கிலேயர். மருத்துவம் படித்து, உளவியல் ஆய்வுக்குப் போய், அங்கிருந்து மானிடவியலுக்கு வந்தவர். 1901-02இல் ஊட்டிக்கு வந்து தோடர்கள் நடுவே தங்கினார். அப்போது தோடர்கள் எண்ணூறு பேர் அளவில்தான் இருந்தார்கள். எருமைகளை, பால் சடங்குகளை, ஈமச் சடங்குகளைப் பார்த்துப் பார்த்து எழுதினார். அவர்களுடைய பார்வைத் திறன், வலி உணர்வு ஆகியவற்றைச் சோதித்தார். 1906இல் 'தி தோடாஸ்' என்ற பெரிய நூல் வந்தது.

அந்த ஆய்வில் அவர் எடுத்துக்கொண்ட வேலைகளில் ஒன்று, குடும்பம் குடும்பமாக வம்சாவளியைத் திரட்டுவது. அதில் ஒரு தடை வந்தது. இறந்துபோன உறவினர் பெயரைத் தோடர்கள் வாய்விட்டுச் சொல்லத் தயங்குவார்கள். அதட்டிக் கேட்டு வாங்க முடியாது. பக்கத்துக் குடும்பத்தாரிடம் கேட்டு, பொறுத்திருந்து, சுற்றிவளைத்துத்தான் அந்தப் பெயர்களைத் தெரிந்துகொள்ள முடிந்தது. ரிவர்ஸுக்குத் திக்குவாய் உண்டு. பேச்சு முட்டிக்கொள்வது என்றால் என்ன என்று சொந்த அனுபவத்தில் அறிந்தவர். செத்தவர் பெயரைச் சொல்ல முடியாதவர்கள் முன்னால் பொறுமையாக உட்காரும் பழக்கம் அவருக்கு இந்த மலையில் நன்றாகக் கைவந்தது என்று நினைக்கிறேன். பிற்பாடு அவர் முன்னால் வந்து உட்கார்ந்தவர்களும் அப்படிப்பட்டவர்கள்தான்.

1914இல் முதல் உலகப் போர் வெடித்தது. பதுங்குகுழிகளில் மாதக்கணக்கில் கிடந்த சிப்பாய்களுக்கு விசித்திரமான நோய்கள் வந்தன. உடம்பில் கீறல் இல்லை. ஆனால் பேச்சு வரவில்லை. கால் அசையவில்லை. கை நடுக்கம் நிற்கவில்லை. 1915இல் சார்லஸ் மயர்ஸ் என்ற மருத்துவர் 'லான்செட்' இதழில் இதைப் பற்றி எழுதியபோது 'ஷெல் ஷாக்' என்ற பெயர் மருத்துவ ஏட்டில் ஏறியது. குண்டு வெடித்த அதிர்வில் மூளை கலங்குகிறது என்று முதலில் நினைத்தார்கள். குண்டு விழுந்த இடத்துக்குப் பக்கத்திலேயே போகாதவர்களுக்கும் அது வந்தபோது அந்த விளக்கம் நிற்கவில்லை. போர் முடிவதற்குள் பிரிட்டிஷ் படையில் மட்டும் சுமார் 80,000 பேர் இந்தக் கணக்கில் வந்தார்கள்.

என்ன செய்வது என்று தெரியாத ராணுவம் சிலரைக் கோழைகள் என்றது. லண்டனில் லூயிஸ் யீலண்ட் என்ற மருத்துவர், பேச்சிழந்த சிப்பாய்களின் தொண்டையில் மின்சாரம் பாய்ச்சினார். பேசும்வரை விடமாட்டார். வலி தாங்காமல் பேசியவர்களைக் குணமானவர்கள் என்று எழுதிக்கொண்டார்.

ரிவர்ஸ் போன வழி வேறு. ஸ்காட்லாந்தின் எடின்பரோவுக்குப் பக்கத்தில், கிரெய்க்லாக்கார்ட் என்ற பழைய நீர்ச்சிகிச்சை விடுதியைப் போர்க்கால மருத்துவமனை ஆக்கியிருந்தார்கள். 1916 அக்டோபரிலிருந்து ஏறக்குறைய ஓராண்டு அங்கே ராணுவ மருத்துவராக இருந்தார். 'மறந்துவிடு, நல்லதை நினை, வேறு பேச்சுப் பேசு' என்பதுதான் அன்றைய பொதுவான அறிவுரை. ரிவர்ஸ் இதைத் தவறு என்றார். பகலில் விரட்டியடித்த நினைவு ராத்திரியில் கனவாகத் திரும்பி வருகிறது என்பதை நோயாளிக்கு நோயாளி பார்த்தார். நடந்ததைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பேசச் செய்தார். நாள் முழுக்க அதிலேயே மூழ்கிக் கிடக்கவும் விடவில்லை.

1917 டிசம்பரில் மருத்துவர்கள் சபையில் அவர் வாசித்த உரையில் சில நோயாளிகளைப் பற்றிச் சொல்கிறார். ஒருவர், சிதறிப்போன நண்பனின் உடலைக் கண்ட காட்சி கண்ணை விட்டுப் போகாதவர். அப்படிச் சிதறியிருக்கிறது என்றால் நண்பர் வலி தெரியாமல் நொடியில் போயிருப்பார் என்பதை ரிவர்ஸ் அவருக்கு எடுத்துச்சொன்னார். அதன்பின் கனவில் நண்பன் வந்தால் அவரால் அழ முடிந்தது. நடுங்கி எழுவது நின்றது. இன்னொருவர், குண்டு தூக்கியெறிந்து, அழுகிக் கிடந்த எதிரிச் சிப்பாயின் வயிற்றின் மீது முகம் பதிய விழுந்தவர். அந்த நினைவில் பற்றிக்கொள்ள நல்லதாக ஒன்றுமே இல்லை. அவரிடம் என் முறை பலிக்காது என்று ரிவர்ஸ் ஒப்புக்கொண்டார். படையை விட்டு விலகிக் கிராமத்தில் போய் வாழட்டும் என்று விட்டுவிட்டார். தன் மருந்து எங்கே வேலை செய்யாது என்று சொல்லத் தெரிந்த மருத்துவரை நான் நம்புகிறேன்.

ஆனால் அவருடைய தொழிலில் தீராத முள் ஒன்று இருந்தது. ராணுவ மனநல மருத்துவர் சிப்பாயைக் குணமாக்குவது எதற்காக? திரும்பவும் பதுங்குகுழிக்கு அனுப்பத்தான். 1917 ஜூலையில் கவிஞர் சீக்ஃபிரைட் சசூன், போரை வேண்டுமென்றே நீட்டிக்கிறார்கள் என்று பகிரங்கமாக அறிக்கை விட்டார். ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்துவதற்குப் பதிலாக அவரை நோயாளி என்று சொல்லி ரிவர்ஸிடம் அனுப்பினார்கள். அவருக்குப் பைத்தியம் இல்லை என்று ரிவர்ஸுக்குத் தெரியும். மாதக்கணக்கில் பேசினார்கள். அந்த நவம்பரில் சசூன் தானாகவே பணிக்குத் திரும்பினார். அடுத்த ஆண்டு தலையில் குண்டடி பட்டும் பிழைத்தார். அதே மருத்துவமனையில் வேறொரு மருத்துவரிடம் சிகிச்சை பெற்ற வில்ஃப்ரெட் ஓவன் பிழைக்கவில்லை. போர் முடிய ஒரு வாரம் இருக்கும்போது, 1918 நவம்பர் 4 அன்று களத்தில் இறந்தார். இந்த முரண் ரிவர்ஸின் சொந்தக் கனவிலேயே வந்தது. அதையும் ஒளிக்காமல் எழுதிவைத்தார். 1922இல் அவர் இறந்த பிறகு அது அச்சில் வந்தது.

கிரெய்க்லாக்கார்ட் அதிகாரிகளுக்கு மட்டுமான இடம். அதே போரில் இந்தியாவிலிருந்து 10 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கடல் கடந்து போனார்கள். காயம்பட்ட இந்தியச் சிப்பாய்கள் பிரைட்டன் அரண்மனையில் படுத்திருந்தார்கள். அவர்கள் ஊருக்கு எழுதிய கடிதங்களைத் தணிக்கை அதிகாரிகள் பிரித்துப் படித்து, மொழிபெயர்த்து வைத்தார்கள். படை மனம் தளர்கிறதா என்று கண்காணிக்கத்தான் அந்தப் படிப்பு. பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அவர்கள் மொழியில் கேட்க ஒரு ரிவர்ஸ் அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

யாழ்ப்பாணத்தில் ஒரு மருத்துவர்

அடுத்த கதை நமக்கு இன்னும் கிட்டே நடந்தது. தயா சோமசுந்தரம், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மனநல மருத்துவப் பேராசிரியராக இருந்தவர். 1980களில் தொடங்கி, போர் நடந்துகொண்டிருந்த காலம் நெடுக அங்கே வைத்தியம் பார்த்தவர். வடக்கு முழுமைக்கும் மனநல மருத்துவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம் என்ற நிலை. அவர் எந்தப் படைக்கும் மருத்துவர் அல்ல. விவசாயி, மாணவி, தடுப்பு முகாமிலிருந்து விடுபட்டவர், மகனைத் தேடும் தாய், துப்பாக்கி தூக்கிய இளைஞன் என்று எல்லோரையும் பார்த்தார்.

ராஜினி திராணகம, ராஜன் ஹூல், கே. ஸ்ரீதரன் ஆகியோரோடு சேர்ந்து 'முறிந்த பனை' நூலை எழுதிய நால்வரில் அவர் ஒருவர். எல்லாத் தரப்பின் துப்பாக்கியையும் கேள்வி கேட்ட நூல் அது. அச்சாகிப் பரவலாக வருவதற்கு முன்பே, 1989 செப்டம்பர் 21 அன்று, மருத்துவபீடத்தில் உடற்கூற்றியல் துறைத் தலைவராக இருந்த ராஜினி சுட்டுக் கொல்லப்பட்டார். அதற்குப் பிறகும் சோமசுந்தரம் நோயாளிகளைக் கைவிடவில்லை.

1994இல் அவரும் மருத்துவர் சிவயோகனும் சேர்ந்து பிரிட்டிஷ் மனநல இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஊருக்குள் போய்ச் சாதாரண மக்களிடம் எடுத்த கணக்கு. போரின் பாதிப்பு எதையும் அனுபவிக்காதவர்கள் நூற்றுக்கு 6 பேர் மட்டுமே. 64 பேருக்கு ஏதோ ஒரு மனப் பாதிப்பு. 27 பேருக்குப் பி.டி.எஸ்.டி. என்று மருத்துவம் சொல்லும் மனவடு. 41 பேருக்கு மனத்தின் வேதனை உடம்பில் இறங்கியிருந்தது: தலைவலி, நெஞ்சுப் படபடப்பு, உடம்பு உளைச்சல், பெருமூச்சு. அவர்கள் மருத்துவரிடம் போய் "மனசு சரியில்லை" என்று சொல்வதில்லை. "தலையிடிக்குது ஐயா" என்றுதான் சொல்வார்கள். தலையிடிக்கு மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டால் வைத்தியம் அங்கேயே தோற்றது.

ரிவர்ஸின் நோயாளிக்குப் போர்க்களம் ஒரு பக்கம், மருத்துவமனை ஒரு பக்கம். நடுவில் கடல் இருந்தது. யாழ்ப்பாணத்தில் சிகிச்சை நடக்கும்போதே மேலே ஹெலிகாப்டர் சுற்றியது. 1995 அக்டோபர் இறுதியில் வலிகாமத்திலிருந்து நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோர் மழையில் நடந்து வெளியேறினார்கள். நோயாளியின் வீடு போனது, தெரு போனது, கோயில் போனது. தனி ஒருவனை நாற்காலியில் உட்காரவைத்துப் பேசிக் குணமாக்க அங்கே வழியில்லை. ஊரே காயம்பட்டிருந்தது.

அதனால் வைத்தியத்தை ஊருக்குள் கொண்டுபோனார்கள். ஆசிரியர்கள், ஆரம்ப சுகாதாரப் பணியாளர்கள் ஆகியோருக்கு மனவடுவை அடையாளம் காணப் பயிற்சி கொடுத்தார்கள். 'சாந்திகம்' என்ற ஆற்றுப்படுத்தல் நிலையம் யாழ்ப்பாணத்தில் இயங்கியது. தமிழிலேயே கையேடுகள் வந்தன. படபடப்பை அடக்க, மக்களுக்கு ஏற்கெனவே தெரிந்த வழிகளை எடுத்துக்கொண்டார்கள்: மூச்சுப் பயிற்சி, சாந்தி ஆசனம், எண்ணெய் தேய்த்துப் பிடித்துவிடுதல். சைவருக்கு மந்திர செபம், கத்தோலிக்கருக்குச் செபமாலை, முஸ்லிமுக்குத் திக்ரு. எதையும் மூடநம்பிக்கை என்று தள்ளவில்லை.

எட்டுச் செலவு, அந்தியேட்டி, ஆண்டுத் திவசம் என்று யாழ்ப்பாணத்துச் சாவுச் சடங்குகள் துக்கத்தைப் படிப்படியாக இறக்கிவைக்கும். காணாமல் போனவனுக்கு எந்த நாளில் திவசம் கொடுப்பது? உடல் கிடைக்காத தாய் எதை எரிப்பாள்? அந்தியேட்டிக்குப் போகும் கீரிமலையே நெடுங்காலம் ராணுவக் கெடுபிடிக்குள் இருந்தது. துக்கம் முடியாமல் தொண்டையிலேயே நின்றுவிடும் இந்த நிலையை உலக மருத்துவத்தின் முன் வைத்தது யாழ்ப்பாணத்து அனுபவம். தனிமனித நோய் என்ற எல்லையைத் தாண்டி, கூட்டு மனவடு பற்றி 2007இல் சோமசுந்தரம் விரிவாக எழுதினார். ரிவர்ஸ் தொடங்கியதை நம் மண்ணிலிருந்து ஒரு தமிழ் மருத்துவர் அடுத்த படிக்குக் கொண்டுபோனார் என்பதே என் கணிப்பு. தமிழ்நாட்டில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்?

சிறுவர்கள் ஏன் துப்பாக்கி தூக்கினார்கள் என்பதைப் பற்றியும் 2002இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார். கண் முன்னே உறவினர் சாவு, இடப்பெயர்வு, பள்ளி இல்லாமை, வறுமை ஆகியவை பின்னாலிருந்து தள்ளின. பிரசாரம் முன்னாலிருந்து இழுத்தது. சிறுவனைக் குற்றவாளியாகப் பார்க்கும் முன், அவனை அங்கே கொண்டுவந்து நிறுத்திய பெரியவர்களைப் பாருங்கள் என்பதுதான் அதன் சாரம்.

எதிர்ப்பக்கத்தில் நின்ற சிங்களச் சிப்பாயும் பெரும்பாலும் தெற்கின் ஏழைக் கிராமத்துப் பையன்தான். மருத்துவர்கள் நீல் பெர்னாண்டோவும் ருவன் ஜயதுங்கவும் இலங்கை ராணுவத்தின் எண்ணூறுக்கும் மேற்பட்ட வீரர்களைப் பரிசோதித்து, இதே மனவடுவை அங்கும் பதிவு செய்தார்கள். பல்லாயிரம் பேர் படையை விட்டு ஓடினார்கள். அவர்களில் எத்தனை பேர் ஓடியது பயத்தால், எத்தனை பேர் ஓடியது நோயால் என்று யாராவது கணக்கெடுத்தார்களா?

துறைமுகத்தில் இறங்கியவர்கள்

இப்போது நம் கதை. 1987 ஜூலை 29 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பின் இந்திய அமைதிப்படை இலங்கை போனது. அந்த அக்டோபரில் அமைதி போய்ப் போர் வந்தது. அக்டோபர் 21 தீபாவளி நாளில் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் படை நுழைந்து, நோயாளிகளும் மருத்துவர்களும் தாதியருமாக அறுபதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். இந்தியத் தரப்பில் அந்தப் போரில் 1,100க்கும் மேற்பட்ட வீரர்கள் இறந்தார்கள். 1990 மார்ச்சில் கடைசிப் பிரிவுகள் கப்பலேறி சென்னை வந்தபோது, அன்றைய முதல்வர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. ஈழத்தமிழர் பட்ட துயரத்தைக் கண்ட தமிழ்நாடு பெருமளவு அந்த முடிவை ஏற்றுக்கொண்டது. அதன் நியாயத்தை நான் மறுக்கவில்லை.

ஆனால் கப்பலிலிருந்து இறங்கியவர்களில் தமிழ்ச் சிப்பாய்களும் இருந்தார்கள். தங்கள் மொழி பேசும் ஊருக்குள் துப்பாக்கியோடு நடந்தவர்கள். கண்ணிவெடியில் தோழனைப் பறிகொடுத்தவர்கள். தமிழில் அழுத தாயின் குரலைக் காதில் வாங்கியவர்கள். பட்டதனால் மட்டும் மனம் காயப்படுவதில்லை; செய்ததனாலும், தடுக்காமல் நின்றதனாலும் படும். அந்தக் காயத்தை வெளியே சொல்லவும் முடியாது. வீரம் என்று சொன்னால் ஊர் முகம் சுளிக்கும். தவறு என்று சொன்னால் படை முகம் சுளிக்கும். இரண்டு பக்கமும் வாயைக் கட்டிப்போட்ட நிலையில் அவர்கள் வீட்டுக்குப் போனார்கள். இன்று அவர்களில் பலருக்கு அறுபது வயதுக்கு மேல். இந்தப் புறநகரில் ஒரே தெருவில் அப்படி ஒருவரும், அந்தப் போரிலிருந்து தப்பி வந்த ஈழக் குடும்பமும் குடியிருக்கலாம். இருவரும் ஒரே போரின் நோயாளிகள்.

இன்றைய படையிலும் நிலைமை கவலைக்குரியதுதான். ஐந்தாண்டுகளில் முப்படையிலும் 819 பேர் தற்கொலை செய்துகொண்டதாக 2022இல் அரசு நாடாளுமன்றத்தில் சொன்னது. தரைப்படையில் 642, விமானப்படையில் 148, கடற்படையில் 29. பெரிய போர் எதுவும் நடக்காத ஆண்டுகள் அவை. நீண்ட பிரிவு, விடுப்பு கிடைக்காமை, ஊரில் நிலத்தகராறு, கடன், குடும்பச் சிக்கல் எல்லாம் எல்லைக் காவலோடு சேர்ந்து அழுத்துகின்றன.

சொன்னால் என்ன, மருத்துவர் இருக்கிறாரே என்று கேட்கலாம். சொன்னால் மருத்துவத் தரம் இறங்கும் என்று சிப்பாய் பயப்படுகிறார். துப்பாக்கியை வாங்கிக்கொள்வார்கள், பதவி உயர்வு போகும், கூட இருப்பவன் 'மென்ட்டல்' என்பான். வீட்டில் சொன்னால் பிள்ளைக்குச் சம்பந்தம் பேச வருகிறவர்கள் யோசிப்பார்கள். ஆகவே கேன்டீன் சரக்கைத் திறக்கிறார். இரண்டு பெக் உள்ளே போனால் தூக்கம் வருகிறது. பிறகு அது நான்காகிறது. குடியைத்தான் குடும்பம் பார்க்கிறது. குடிக்கு அடியில் இருக்கும் தூக்கமின்மையைப் பார்ப்பதில்லை.

இதற்கு வைத்தியம் உண்டு. பி.டி.எஸ்.டி. 1980இல்தான், வியட்நாம் போருக்குப் பிறகு, அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோய்ப்பட்டியலில் ஏறியது. அதன் பிறகு மருந்தும் பேச்சு வழிச் சிகிச்சையும் வெகுதூரம் வந்துவிட்டன. நினைவை முழுவதுமாக அழிக்க முடியாது. ஆனால் அது ராத்திரியை ஆள்வதை நிறுத்த முடியும். இருபது, முப்பது வருடம் கழித்து வந்தாலும் பலன் கிடைக்கும்.

ஆகவே பீர்க்கன்கரணையிலும் பெருங்களத்தூரிலும் சேலையூரிலும் இதைப் படிக்கும் வீடுகளுக்கு ஒரு வேண்டுகோள். அப்பாவோ, அண்ணனோ, மாமனாரோ சீருடையில் இருந்தவர் என்றால், பட்டாசுச் சத்தத்துக்கு அவர் கதவைச் சாத்திக்கொண்டால், கூட்டத்தில் எப்போதும் சுவரோரமே உட்கார்ந்தால், காரணமில்லாமல் சீறி விழுந்தால், "ஏன் இப்படிக் கத்துறீங்க?" என்று தொடங்காதீர்கள். "ராத்திரி தூக்கம் வருதா?" என்று கேளுங்கள். பதில் வர நாளாகலாம். என்ன நடந்தது என்று குடைய வேண்டாம். அவராகச் சொல்லும்போது பக்கத்தில் இருந்தால் போதும். 'செத்துடலாம்னு இருக்கு' என்று ஒரு வார்த்தை வந்தால் மட்டும் காத்திருக்காதீர்கள். அன்றைக்கே அழைத்துப் போங்கள். வடக்கே கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம் இருக்கிறது; தெற்கே இதே ஜி.எஸ்.டி. சாலையில் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. நேரில் போகத் தயங்கினால் போன் போதும். 'டெலி மானஸ்' இலவச எண் 14416. இருபத்திநான்கு மணி நேரமும், தமிழிலும் பேசலாம். படையினருக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் என்றே 2023 டிசம்பர் 1 முதல் புனே ராணுவ மருத்துவக் கல்லூரியில் இதற்குத் தனிப்பிரிவு இயங்குகிறது.